பராமரிப்பு நேர நிரல்

இணையதளத்துக்கு வரும் போக்குவரத்தைக் குறித்த நேரத்தில் நிறுத்தி, வேலை முடிந்ததும் தானாகத் திறந்துவிடும் சிறு நிரல். லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலும் கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி இதை இயக்கும்: ‘30 1 * * 0’ என்றால் ஞாயிறு அதிகாலை 1.30. நிரல் ஓர் அடையாளக் கோப்பை உருவாக்கும். அது இருக்கும்வரை என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி, ‘சேவை இப்போது இல்லை’ எனும் 503 குறியீட்டுடன் அறிவிப்புப் பக்கத்தைக் காட்டுமாறு அமைத்திருப்பார்கள். இங்கே ‘எல்லாம் சரி’ எனும் 200 குறியீட்டை அனுப்புவது பெரும்பிழை. தேடுபொறிகள் அறிவிப்பையே தளத்தின் உள்ளடக்கமாகப் பதிந்துகொள்ளக்கூடும். ‘ரீட்ரை-ஆஃப்டர்: 3600’ என்ற தலைப்பு, ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் கடிகாரம் 2 மணியிலிருந்து 3க்குத் தாவுவதால், நேரத்தை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் குறிப்பதே பாதுகாப்பு. நிரல் பிழையால் பாதியில் நின்றாலும் கோப்பை நீக்க, பாஷ் மொழியில் எழுதும்போது ‘டிராப்’ கட்டளையை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையேல் தளம் மூடியே கிடக்கும்.