ஆளைக் காப்பதிலிருந்து அணியாய்க் காப்பது வரை: கால்பந்துத் தடுப்பாட்டத்தின் வளர்ச்சி, 1866–1994

1866 முதல் 1925 வரை இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு பின்கள வீரர் தனியாளாக முன்னேறியே எதிரணி முன்கள வீரரை ஆஃப்சைடில் சிக்கவைக்க முடிந்தது. 1980களின் இறுதியில் ஏசி மிலான் அணி அதையே செய்ய நான்கு பேர் ஒரே நொடியில் நகர வேண்டியிருந்தது. ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் முயற்சி வீண். தனியாளின் சாமர்த்தியமாக இருந்த தடுப்பாட்டம் நால்வரின் கூட்டுச் செயலாக மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விதித் திருத்தம் அதற்கான தேவையை உண்டாக்கியது. ஆட்ட அமைப்புகள் பல விடைகளைச் சோதித்துப் பார்த்தன. ஆனால் பின்வரிசை ஒன்றுபட்டு இயங்கக் கற்றது பயிற்சித் திடலில் கற்பிக்கும் முறை மாறிய பிறகுதான் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. மூவர் விதியும் தனியாள் பொறியும்

1863இல் வகுக்கப்பட்ட முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நின்ற தாக்குதல் வீரர் எவரும் ஆட்டத்தில் பங்குகொள்ள முடியாது. 1866இல் இது தளர்த்தப்பட்டது. பந்து அடிக்கப்படும்போது தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருந்தால் போதும் என்றானது. பின்னர் நிலைபெற்ற அணி அமைப்பில் பின்னால் நின்றவர்கள் பொதுவாக மூவர்: கோல்கீப்பரும் இரண்டு ஃபுல் பேக்குகளும்.

இந்தக் கணக்கே தடுப்பாளருக்குச் சாதகமாக அமைந்தது. ஒரு ஃபுல் பேக் தாக்குபவரைத் தாண்டி முன்னே வந்துவிட்டால் பின்னால் எஞ்சுவது இருவர்தான், தாக்குபவர் ஆஃப்சைடு. கணிப்புத் தவறினாலும் இன்னொரு ஃபுல் பேக் பின்னால் காவலுக்கு இருப்பார். ஆகவே பொறி வைப்பவருக்கு இழப்பு அச்சம் குறைவு. சகாவோடு நொடி பிசகாமல் ஒத்திசைய வேண்டிய கட்டாயமும் இல்லை. 1904இல் நியூகாசில் யுனைடெட்டில் சேர்ந்த பில் மெக்ராக்கன் இந்த உத்தியில் பெயர்பெற்றவர். பிற அணிகளும் அதைப் பின்பற்ற, ஆட்டம் மைதானத்தின் நடுப்பகுதியில் குறுகி, ஆஃப்சைடு விசில் ஓயாமல் ஒலித்தது.

2. 1925: காவல் ஆள் இல்லாத பின்வரிசை

1925இல் மூவர் என்பது இருவர் என்று திருத்தப்பட்டது. இங்கிலாந்து லீக்கின் நான்கு பிரிவுகளிலும் 1924–25இல் விழுந்த கோல்கள் 4,700. அடுத்த பருவத்தில் 6,373. கோல் பெருக்கம் கண்ணுக்குத் தெரிந்த விளைவு. அதைவிட ஆழமான விளைவு ஒன்று உண்டு. இப்போது ஆஃப்சைடு பொறி வைக்க வேண்டுமானால் தாக்குபவருக்குப் பின்னால் கோல்கீப்பர் ஒருவரே எஞ்ச வேண்டும். அதாவது, இரண்டு ஃபுல் பேக்குகளும் சேர்ந்தே முன்னேற வேண்டும். ஒருவர் தயங்கினால் பொறி விழாது. இருவரும் தவறினால் கோல்கீப்பர் தனித்து விடப்படுவார். தடுப்பாட்டத்தில் ஒத்திசைவு என்பது உயிர்நாடியானது இந்தத் திருத்தத்தால்தான்.

ஆனால் அணிகள் உடனடியாக ஒத்திசைவைத் தேடவில்லை, ஆள் சேர்த்தன. 1925 அக்டோபர் 3 அன்று ஆர்சனல் நியூகாசிலிடம் 0–7 என்று தோற்றது. அதன்பின் அணித் தலைவர் சார்லி பக்கனின் யோசனையை ஏற்று, மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்தில் ஆடிவந்த சென்டர் ஹாஃபைப் பின்னே இழுத்து மூன்றாவது பின்கள வீரராக்கினார். வேறு சில அணிகளும் இதையொத்த முடிவுக்கு வந்திருந்தாலும், 1930–31இலும் 1932–33இலும் லீக் பட்டம் வென்ற ஆர்சனல்தான் இதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தது. மூன்றாமவருக்கு இடப்பட்ட வேலை எதிரணி சென்டர் ஃபார்வர்டைக் கண்காணிப்பது. ஆளுக்கு ஓர் ஆள் என்ற கொள்கை அவ்வாறு வேரூன்றியது.

3. ஆளைப் பின்தொடர்வதன் எல்லை

அந்தக் கொள்கையின் பலவீனம் 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் அம்பலமானது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்ட் நாந்தோர் ஹிதெக்குட்டி முன்னே நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். அவரைக் காக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டனுக்கு இரண்டு வழிகள்தான். பின்தொடர்ந்து போனால் பின்வரிசையின் நடுவே பெரிய ஓட்டை. போகாமல் நின்றால் ஹிதெக்குட்டிக்குத் தடையில்லாத ஆட்டம். இரண்டில் எதைச் செய்தாலும் கேடு. ஹிதெக்குட்டி மூன்று கோல் அடித்தார். இங்கிலாந்து 3–6 என்று வீழ்ந்தது. பழி ஜான்ஸ்டன் மேல் விழுந்தாலும், பிழை அவருக்கு இடப்பட்ட வேலையில் இருந்தது. ‘உன் ஆளைப் பார்’ என்று மட்டும் பழக்கப்பட்ட பின்வரிசைக்கு, ‘இவரை நீ எடு, அந்த இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வேலையை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

இதே சிக்கலுக்கு ஐரோப்பாவில் மற்றொரு விடை ஏற்கெனவே உருவாகியிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஆஸ்திரியரான கார்ல் ராப்பான், மற்றவர்களுக்குப் பின்னால் குறிப்பிட்ட ஆள் எவரையும் காக்காத உபரி வீரர் ஒருவரை நிறுத்தினார். 1938 உலகக் கோப்பையில் அவருடைய சுவிஸ் அணி மறு ஆட்டத்தில் ஜெர்மனியை 4–2 என்று வென்றது. இத்தாலியில் இந்த வழி ‘கதெனாச்சோ’ என்ற பெயரில் வளர்ந்தது. எலேனியோ எரேராவின் இன்டர் மிலான், அர்மாந்தோ பிக்கியை ‘லிபெரோ’ எனப்பட்ட அந்த உபரி வீரராகப் பின்னே நிறுத்தி 1964, 1965 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது. எனினும் இது மூவர் விதிக்காலக் காவல் ஆளை வேறு உருவில் மீட்டதே. முன்னால் நிற்பவர்கள் தத்தம் ஆளைத் துரத்த, அவர்கள் பிழையைத் துடைக்க ஒருவர் இருந்தார். பிழையே நேராதபடி சேர்ந்து நகரும் கல்வி இன்னும் வாய்க்கவில்லை.

4. இடத்தைக் காத்தல்

அந்தக் கல்வியின் தொடக்கத்தை இரண்டு நாடுகளில் காணலாம். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் நான்கு பேர் கொண்ட பின்வரிசையை நிறுத்தி, ஆளைவிட இடத்தைக் காத்தது. அரையிறுதிக்கு முந்தைய நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சோவியத் ஒன்றியத்தில் டைனமோ கீவ் அணியை 1964 முதல் 1970 வரை நடத்திய விக்டர் மாஸ்லோவ் மேலும் ஓரடி சென்றார். இடக்காப்போடு, பந்து வைத்திருப்பவரைப் பலர் சூழ்ந்து நெருக்கும் ஆட்டத்தையும் இணைத்தார். 1966, 1967, 1968 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவரது அணி சோவியத் பட்டம் வென்றது. முன்வரிசையின் நெருக்கடியும் பின்வரிசையின் நிலையும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்பது அங்கே நிலைபெற்றது.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை ஸ்வீடன் நாட்டு அனுபவம் முக்கியமானது. 1974இல் மால்மோவுக்குப் பயிற்றுநராகச் சென்ற பாப் ஹூட்டனும், 1976இல் ஹால்ம்ஸ்தாட்டுக்குச் சென்ற ராய் ஹாட்ஜ்சனும் ஆங்கிலேயர்கள்; ஸ்வீடனில் அன்று வழக்கிலிருந்ததோ ஆள்காப்பும் லிபெரோவும். இவர்கள் அணி முழுவதையும் திடலில் நிறுத்தி, பந்தின் இடத்துக்கு ஏற்ப யார் எங்கே நகர வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பப் பழக்கினர். முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியிருந்த ஹால்ம்ஸ்தாட் 1976இலேயே பட்டம் வென்றது. மால்மோ 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை சென்றது. பேர்போன நட்சத்திரங்கள் இல்லாமலே பின்வரிசையைப் பயிற்சியால் உருவாக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

5. மிலானெல்லோ: பாடத்திட்டமாகிய தடுப்பாட்டம்

1987இல் ஏசி மிலானுக்குப் பயிற்றுநராக வந்த அரிகோ சாக்கி, தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. காலணி விற்பனையில் இருந்தவர். இடக்காப்பை இத்தாலியில் முதலில் கையாண்டவரும் அவரல்லர். நீல்ஸ் லீட்ஹோல்மின் ரோமா 1982–83இலேயே அம்முறையில் பட்டம் வென்றிருந்தது. சாக்கியின் தனிப் பங்களிப்பு அதைப் பாடமாக வகுத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு வீரரும் தன் நிலையைத் தீர்மானிக்க நான்கு குறிப்புகள்: பந்து, இடம், எதிராளி, சகா. ஆள்காப்பு முறையில் எதிராளி ஒருவரே குறிப்பு.

இதன் செயல்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எதிரணி இடது ஓரத்தில் பந்தை வைத்திருக்கிறது என்று கொள்வோம். வலது ஃபுல் பேக் பந்தை நோக்கி வெளியேறுகிறார். அருகிலுள்ள சென்டர் பேக் அவருக்குச் சற்றுப் பின்னே சாய்வாக நகர்ந்து அந்த இடைவெளியை அடைக்கிறார். மற்றொரு சென்டர் பேக்கும் தொலைவில் உள்ள ஃபுல் பேக்கும் அதே அளவு உள்ளே வருகிறார்கள். இனி, பந்து வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து முன்னே பார்க்க வசதி பெற்றால் நால்வரும் பின்வாங்குவார்கள். அவர் நெருக்கப்பட்டு முதுகு காட்டினாலோ பந்தைப் பின்னே தள்ளினாலோ நால்வரும் முன்னேறுவார்கள். கட்டளைக்குக் காத்திராமல், அந்த ஒரு குறியை நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளில் படிக்க வேண்டும். இதைச் சாத்தியமாக்க, முன்கள வீரருக்கும் கடைசித் தடுப்பாளருக்கும் இடையே சுமார் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்று சாக்கி வற்புறுத்தினார்.

மிலானின் பயிற்சித் திடலான மிலானெல்லோவில் அதற்கென நடந்த பயிற்சியில் பந்தே இருக்காது. பந்து எங்கே இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று அவர் சொல்ல, பதினொருவரும் அதற்கேற்ப நகர்வார்கள். இம்முறையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக நடத்திய சோதனை ஒன்றையும் சாக்கி பின்னர் விவரித்திருக்கிறார். கோல்கீப்பர் ஜியோவானி கல்லி, தசோத்தி, பரேசி, கோஸ்தகூர்தா, மால்தீனி ஆகிய ஐவர் ஒருபுறம். குல்லித், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேர் மறுபுறம். பத்துப் பேருக்குக் கால் மணி நேரம். பந்தை இழந்தால் தங்கள் பாதியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. அவர்களால் ஒருமுறைகூடக் கோல் அடிக்க முடியவில்லை என்கிறார் சாக்கி. 1987–88 லீக் பருவத்தின் 30 ஆட்டங்களில் மிலான் வாங்கிய கோல்கள் 14 மட்டுமே. 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளும் அவர்களுக்கே.

6. முடிவு

இந்த விளக்கத்துக்கு எதிராக ஒரு நியாயமான ஐயம் எழலாம். பரேசியும் மால்தீனியும் அபூர்வத் திறமையாளர்கள். அவர்கள் இருந்தால் எந்த முறையும் வெல்லாதா? இதற்கு விடை சாக்கி விலகிய பிறகு, ஃபாபியோ கபெல்லோவின் காலத்தில் கிடைத்தது. 1993–94 லீக்கில் மிலான் 34 ஆட்டங்களில் 15 கோல்களே வாங்கியது. அந்தப் பருவத்தின் முடிவில், 1994 மே 18 அன்று ஏதென்ஸில் பார்சலோனாவுக்கு எதிரான ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் பரேசி, கோஸ்தகூர்தா இருவருமே தடையால் ஆட முடியவில்லை. நடுவில் மால்தீனியும் ஃபிலிப்போ கல்லியும் நின்றனர்; மிலான் 4–0 என்று வென்றது. பின்வரிசையின் இதயம் போன்ற இருவர் இல்லாதபோதும் வரிசை குலையவில்லை.

ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் ஹால்ம்ஸ்தாட்டின் எளிய வீரர்களையும் மிலானின் மேதைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது திசை தெளிவாகிறது. 1925இன் திருத்தம் பறித்த காவல் ஆளுக்கு ஈடாகக் கால்பந்து முதலில் மூன்றாமவரைத் தேடியது, பிறகு லிபெரோவைத் தேடியது. இறுதியில் சகாவின் அசைவைப் படித்து நகரும் பழக்கத்தில் அதைக் கண்டது. அந்தப் பழக்கம் பிறவிக் கொடை அன்று. பொறுமையான ஆசிரியரும் சலிக்காத மாணவர்களும் சேர்ந்து ஈட்டுவது. ஓர் அணி கோல் வாங்கும்போது கடைசியாகத் தவறியவரை மட்டும் குறைகூறும் நம் வழக்கத்தை, இந்த வரலாற்றை அறிந்த பிறகு நாம் கைவிடுவதே முறை.