திருவள்ளூர் வட்டாரத்தில் தொலைபேசித் தொல்லையும் சட்டமும்

தொலைபேசித் தொல்லை மூன்று வகைப்படும். முகம் காட்டாமல் மிரட்டுவதும் ஆபாசமாகப் பேசுவதும் முதல் வகை. கேட்காதவரிடம் பொருள் விற்க அழைப்பது இரண்டாவது. கடன் வசூலுக்காக நேரங்காலம் பாராமல் நெருக்குவது மூன்றாவது. இம்மூன்றுக்கும் எதிரான சட்டங்களின் வரலாற்றில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுந்தது: தொல்லைக்குப் பொறுப்பு யார்?

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமே தொலைபேசிக்கும் அடிப்படையாக இருந்தது. அதன்கீழ் வந்த 1951ஆம் ஆண்டு விதிகளில் 427ஆம் விதி, இணைப்பு வைத்திருப்பவரே தம் தொலைபேசியின் பயன்பாட்டுக்குப் பொறுப்பு என்றது. பிறரைத் தொந்தரவு செய்யவோ ஆபாசமாகப் பேசவோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதித்தது. ட்ரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்தில் வெளியூர் அழைப்புகள் ஆபரேட்டரின் கை வழியாகவே சென்றன. அழைத்தவரை மறைப்பது எளிதாக இல்லை. தானியங்கி எக்ஸ்சேஞ்சும், வெளியூரை நேரடியாக அழைக்கும் எஸ்.டி.டி.யும் பரவியபோது அந்த இடையாள் மறைந்தார். 1980களில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. பூத்திலிருந்து வந்த அழைப்பைத் தேடிப்போனால் தடம் பூத்தோடு முடிந்துவிடும். ‘பிளாங்க் கால்’ என்று வீடுகளில் அஞ்சப்பட்ட பேசாத அழைப்புகளுக்கு, எண்ணைக் காட்டும் காலர் ஐடி கருவி வந்த பிறகுதான் ஓரளவு கடிவாளம் விழுந்தது.

செல்போன் சேவை 1995இல் சென்னைக்கு வந்தது. அப்போதைய உரிம எல்லைகளில் திருவள்ளூர் வட்டாரத்துக்குத் தனிக் கதை உண்டு. மீஞ்சூர் எக்ஸ்சேஞ்ச் பகுதி சென்னைப் பெருநகர உரிமத்தோடு சேர்க்கப்பட்டது. சென்னைத் தொலைபேசி நிர்வாகத்தின் எல்லைக்கு வெளியே இருந்த பிற பகுதிகளோ தமிழ்நாடு உரிமத்தின்கீழ் வந்தன. இந்த இரு உரிம வட்டங்களும் 2005இல் இணைக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தொல்லை செய்தவனுக்கு ஆன செலவில் ஒரு பங்கைத் தொல்லைப்பட்டவரே சுமந்தார். 2003 மே 1 முதல் அந்தச் சுமை நீங்கியது. ஆனால் அழைப்பு மலிந்ததும் வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, வீட்டுமனை விற்கும் அழைப்புகள் பெருகின. மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகள் இத்தகைய வியாபாரத்துக்கு இயல்பான சந்தை.

2005இல் விற்பனை அழைப்புகளுக்கு எதிரான பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007 ஜூனில் முதல் ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வேண்டாம் என்பவர் தம் எண்ணைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். இதில் ஒரு குறை இருந்தது: தொல்லைப்படுத்துபவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தொல்லைப்படுபவரே விண்ணப்பிக்க வேண்டும். 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அடுத்த விதிகள், விற்பனை அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்வரிசையை ஒதுக்கி, இரவு 9 முதல் காலை 9 வரை அவற்றைத் தடுத்தன. விளம்பரதாரர் தாமாகப் பதிவு செய்யும் முறையை 2018 ஜூலை விதிகள் கொண்டுவந்தன. பொறுப்பு மெல்ல மெல்ல அனுப்புபவர் பக்கம் நகர்ந்தது.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, விளம்பரச் செய்திகளுக்கு முன்அனுமதி பெறச் செய்யவும் ‘தொந்தரவு வேண்டாம்’ பதிவேட்டை நடத்தவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் 1909 என்ற எண்ணிலோ டிராயின் செயலியிலோ புகார் செய்யலாம். விற்பனை அழைப்புக்கெனப் பதிவு பெறாத எண்மீது தொலைபேசி நிறுவனம் 5 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 10 நாட்களில் 5 புகார் வந்தாலே அந்த எண் விசாரணைக்கு உள்ளாகும். முதல் மீறலுக்கு வெளிச்செல்லும் அழைப்புகள் 15 நாட்கள் முடக்கப்படும். மீண்டும் மீறினால் இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். புகார் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் நிறுவனத்துக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனம் சேவையில் தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. திருவள்ளூரிலும் அந்த ஆணையம் இயங்குகிறது.

மிரட்டலும் ஆபாசமும் குற்றவியல் சட்டத்துக்கு உரியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவு, பெயரை மறைத்து மிரட்டுவதற்குக் கூடுதலாக இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பின்னும் பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்பு கொள்வது 78ஆவது பிரிவின்கீழ் பின்தொடர்தல் குற்றம்; முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் 2022இல் உருவான பிறகு, இவ்வட்டாரம் அதற்கும் மாவட்டக் காவல் துறைக்கும் இடையே பிரிந்துள்ளது. எனினும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாரை, எல்லை எதுவானாலும் எந்த நிலையமும் ஏற்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. அழைப்பு வந்த எண், தேதி, நேரம், ஒலிப்பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது வழக்கின் உயிர்.

கடன் தொல்லைக்கு, காலை 8க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவு இருக்கிறது. கட்டாய வசூலைத் தண்டிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2025இல் வந்தது. அழைப்பு பண மோசடியாக முடிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்குப் போகுமுன் முடக்க அதுவே வழி.