பன்ஸ்ஃபீல்டில் மாட்டாத பூட்டு

பேங்க்காரனுக்குப் பூட்டு என்றால் ஒரே அர்த்தம்தான்: திருடன் கை வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் ஒரு பெட்ரோல் கிடங்கிலும் ஒரு சின்னப் பூட்டை அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் மெஷின் சமாச்சாரம் வரும், பயப்படாதீர்கள். பி.காம். படித்த எனக்கே புரிந்தது.

லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரை ஒட்டி பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 10, சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு 912ஆம் எண் டேங்குக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் வர ஆரம்பித்தது. கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் டேங்குக்குள் எட்டியா பார்க்க முடியும்? மட்டம் காட்டும் மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு டேங்க். விடியற்காலை 3.05 வாக்கில் அந்த மீட்டர் மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டி அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் நிற்கவில்லை.

அலாரம் இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்றுக்கு மேலேயே இருந்தன. ஆனால் அத்தனையும் இதே மீட்டரின் கணக்கை நம்பியவை. மீட்டர் படுத்தால் அவையும் படுத்துவிடும். கேஷியர் எழுதிய புத்தகத்தை வைத்தே கேஷைச் சரிபார்ப்பது போல. கணக்கு நன்றாக டாலி ஆகும், பெட்டியைத்தான் யாரும் திறந்து எண்ணியிருக்க மாட்டார்கள்.

இது திடீரென்று வந்த வியாதியும் அல்ல. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அந்த மீட்டர் 14 தடவை சிக்கி நின்றிருக்கிறது. சில சமயம் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். சில சமயம் சூப்பர்வைசரே அதை உச்சிக்கு ஏற்றி இறக்கிவிடுவார், ஓடும். அந்தக் காலத்து டிவியை நாம் தலையில் தட்டிச் சரிசெய்வோமே, அது மாதிரி. ஏன் சிக்குகிறது என்பதை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே கடைசிக் காவலாக ஒரு ஸ்விட்ச். மீட்டரோடு சம்பந்தமே இல்லாதது. டேங்குக்குள் ஒரு எடை தொங்கும். பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறினால், அதன் மேல் மிதக்கும் தளம் அந்த எடையைத் தூக்கும். உடனே அலாரம் அடித்து, உள்ளே வரும் வால்வு தானாக மூட வேண்டும். 2004 ஜூலையில் புதிதாக மாட்டியது. வேலை செய்கிறதா என்று பார்க்க மேலே ஒரு லீவர். அதை உயர்த்தினால் எடை உயரும், அலாரம் அடிக்கும்.

வினை அந்த லீவரில்தான். சோதனை முடிந்ததும் அதை நடுநிலையில் வைத்து ஒரு பூட்டை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் லீவர் கீழே சாய்ந்துவிடும். அப்புறம் டேங்க் நிரம்பி வழிந்தாலும் ஸ்விட்ச் வாயைத் திறக்காது. செய்து விற்ற கம்பெனி இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. மாட்டிய கம்பெனி, பூட்டு யாரும் விஷமம் செய்யாமல் இருப்பதற்கு என்று நினைத்து விட்டுவிட்டது. ஆக, சோதனையில் ஸ்விட்ச் பாஸ். சோதித்தவர் கையை எடுத்ததும் அது செத்துவிட்டது! என்னைக் கேட்டால் பூட்டை மாட்டாதவரைவிட, கை நழுவினால் ஊமையாகிப்போகும் மாதிரி ஒரு காவல் கருவியை வடிவமைத்தவர் மேல்தான் எனக்குக் கோபம். லீவர் சாய்ந்தால் அலாரம் அடிக்கும்படியல்லவா வைத்திருக்க வேண்டும்? பத்துத் தடவை வீணாக அடித்தாலும் பரவாயில்லை. அடிக்காத அலாரம் எல்லாம் நலம் என்கிறதா, தானே போய்விட்டது என்கிறதா என்பது கீழே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

5.37க்கு டேங்க் வழிய ஆரம்பித்தது. சுமார் 2,50,000 லிட்டர் வெளியேறி, ஆவி வெள்ளைப் பனிமூட்டம் போலப் பரவியது. 6.01க்கு வெடித்தது. 20க்கும் மேற்பட்ட டேங்குகள் எரிந்தன. 43 பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பக்கத்து ஆபீஸ்களெல்லாம் காலி. வார நாளில் காலை பத்து மணி என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

நம் நாட்டில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கு. வால்வில் கசிந்த பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொட்டியது. கண்ட்ரோல் ரூமிலிருந்தே டேங்க் வால்வை மூடும் வசதி வேலை செய்யும் நிலையில் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அங்கே 11 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

பன்ஸ்ஃபீல்ட் வழக்கில் 2010 ஜூலையில் அபராதம் விதித்தார்கள். டோட்டல் கம்பெனிக்கு 36 லட்சம் பவுண்டு, கிடங்கை நடத்திய கம்பெனிக்கு 14.5 லட்சம் பவுண்டு, வழக்குச் செலவு தனி. ஸ்விட்சைச் செய்த கம்பெனிக்கும் அதை மாட்டிய கம்பெனிக்கும் தலைக்கு ஆயிரம் பவுண்டு.