தாம்பரம் 1938: வேதமா, திருச்சபையா?

கிறிஸ்தவ நண்பர்களோடு மார்க்கம் பேசும் நம் இளைஞர்கள் முதலில் எடுத்து வைக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இது உங்கள் பைபிளில் எங்கே இருக்கிறது?” கேட்பவர் தம் கேள்வியை மறுக்க முடியாத வாதம் என்று எண்ணிக்கொள்கிறார். எதிரே இருப்பவர் ஏதேனும் ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவரானால் அவர் உடனே பைபிளைப் புரட்டத் தொடங்குவார். கத்தோலிக்கரானால், “எல்லாமே அதில் எழுதியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது?” என்று திருப்பிக் கேட்பார். இவ்விரு பதில்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது. அதன் இரண்டு முக்கியமான சுவடுகள் நம் தென்சென்னை ரயில் பாதையிலேயே இருக்கின்றன. ஒன்று பரங்கிமலை; மற்றொன்று தாம்பரம்.

ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுள் ஒருவரான தோமா இந்தியா வந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கத்தோலிக்கர் போற்றும் மரபு. அந்த மலை உச்சியில் 1523இல் போர்ச்சுகீசியர் ஆலயம் கட்டினர். பஹ்லவி மொழி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று 1547இல் அங்கே கிடைத்தது. ஆனால் புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களில் எதிலும் தோமா இந்தியா வந்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. அச்செய்தியைச் சொல்லும் பழைய நூலான ‘தோமாவின் பணிகள்’ மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழி வழங்கிய நிலத்தில் தோன்றியது. திருச்சபை அதை வேத நூல்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே பரங்கிமலைப் படிகளில் ஏறும் பக்தர் வேதத்தின் எழுத்தைப் பற்றி ஏறுவதில்லை. தலைமுறைகள் கைமாற்றித் தந்த நினைவையும், அதை ஏற்றுக்கொண்ட திருச்சபையையும் நம்பியே ஏறுகிறார்.

இதில் நம்மவர்களுக்கும் ஒரு பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ‘மஅபர்’ என்று அரபிகள் அழைத்த இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமாவின் அடக்கத்தலத்துக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் வந்து சென்றதாகக் குறிப்பிடுகிறார். முஸ்லிம்கள் அவருக்கு வழங்கியதாக மார்க்கோ போலோ தரும் பட்டப்பெயர், ‘ஹவாரி’ என்ற சொல்லின் திரிபு என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். திருக்குர்ஆன் ஈஸா (அலை) அவர்களின் ஹவாரிய்யூன்களைப் பாராட்டுகிறது. ஆனால் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

எழுதப்பட்ட வேதம் ஒன்றே விசுவாசத்துக்கு அளவுகோல் என்று பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லூத்தர் முழங்கினார். ரோமாபுரி 1546இல் திரெந்து சங்கத்தில் பதில் அளித்தது: வேதமும், அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியமும் சமமான பக்தியுடன் ஏற்கத்தக்கவை. கத்தோலிக்கரின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியது அன்று. இன்று நாம் காணும் இருபத்தேழு நூல்களை அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய மடல். எந்த நூல் வேதம், எது வேதமன்று என்று வரையறுத்ததே திருச்சபை என்றால், அந்த வேதத்தைக் கொண்டு திருச்சபையை எப்படித் தள்ளுவது என்று அவர்கள் கேட்டனர். வேதம் தன் அதிகாரத்தைத் தானே சுமக்கிறது, திருச்சபை அதைக் கண்டுகொண்டது மட்டுமே என்பது சீர்திருத்தச் சபையினரின் மறுமொழி. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்களும் மற்றவர்களுடையதில் 66 நூல்களும் இருப்பது இந்தப் பிணக்கின் தழும்புதான்.

தமிழில் இந்தச் சண்டை மிகச் சூடாகவே நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் ஊழியர் சீகன்பால்கு, சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தார். நூலைக் கொடுத்துவிட்டால் போதும், நூல் பேசும் என்பது அவர் நம்பிக்கை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அதை ஒப்பவில்லை. 1728இல் ‘வேத விளக்கம்’ எழுதி லூத்தரன்களை மறுத்தார். அவர்களுடைய மொழிபெயர்ப்பின் தமிழையும் விட்டுவைக்கவில்லை.

இரு நூற்றாண்டுகள் கழித்து, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, இதே கேள்வி வேறு உருவில் தாம்பரத்துக்கு வந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து முந்தைய ஆண்டுதான் இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கு மாற்றப்பட்டது. சுமார் 70 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தனர். ஜான் மோட் தலைமை வகித்தார். கத்தோலிக்கர் இதில் இல்லை. ஆகவே வேதமா, திருச்சபையா என்ற கேள்வி இம்முறை சீர்திருத்தச் சபையினருக்குள்ளேயே எழுந்தது.

மாநாட்டுக்காகவே 400 பக்கங்களைத் தாண்டிய நூல் ஒன்றை எழுதியவர் ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர். ஸ்னூக் ஹுர்குரோன்யேயின் மாணவர். ஜாவா முஸ்லிம்களின் பதினாறாம் நூற்றாண்டு ஏடு ஒன்றை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இஸ்லாத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் நமக்கு உவப்பானவை அல்ல. பைபிள் காட்டும் வெளிப்பாடு ஒன்றே அளவுகோல், மதங்கள் அனைத்தும், கிறிஸ்தவம் என்னும் வரலாற்று மதம் உட்பட, அதன் முன் தீர்ப்புக்கு நிற்க வேண்டியவை என்பது அவர் நிலைப்பாடு.

இதை எதிர்த்தவர்களுள் சென்னைக்காரர்கள் சிலர் முன்னின்றனர். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் சென்னை மேயருமான வி. சக்கரை உள்ளிட்டோர் அதே ஆண்டு ‘இந்தியாவில் கிறிஸ்தவ மறுசிந்தனை’ என்று பொருள்படும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டனர். மாநாடு திருச்சபையை மையமாக வைத்ததே செஞ்சையாவுக்கு உறுத்தல். மேற்கில் உருவான சபை அமைப்பும் விசுவாசப் பிரமாணங்களும் இந்தியனுக்கு எதற்கு, இயேசுவை நேரடியாக அனுபவித்தால் போதாதா என்று அவர் கேட்டார். அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பிலிருந்து அவ்வாண்டு ஓய்வுபெற்ற ஏ. ஜி. ஹாக், பிற சமயத்தவரிடமும் இறைவனோடு மெய்யான உறவு இருக்கக்கூடும் என்று கூறி கிரேமருடன் மாறுபட்டார். மாநாட்டு வெளியீடுகளின் முதல் தொகுதிக்கு ‘விசுவாசத்தின் அதிகாரம்’ என்ற பொருளில் தலைப்பிட்டதிலிருந்தே விவாதம் எங்கே மையம் கொண்டிருந்தது என்பது விளங்கும்.

சபை நடைமுறையிலோ வேறு சமரசம் உருவானது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையினர் இணைந்தனர். விசுவாசத்தின் இறுதி அளவுகோல் வேதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் பேராயர் பதவியையும் வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு பதவிதான் பேச்சுவார்த்தையை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது.

நம் இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். “பைபிளில் எங்கே?” என்பது வேதம் மட்டுமே போதும் என்பவரிடம் கேட்கத்தக்க கேள்வி, கத்தோலிக்கரிடம் அது தன் வலுவை இழக்கிறது. அவர் ஒப்புக்கொள்ளாத ஓர் அளவுகோலை நாம் அவர் மீது சுமத்துகிறோம். குர்ஆன், சுன்னாவுக்குப் பின் இஜ்மாவையும் கியாஸையும் ஆதாரமாகக் கொள்ளும் நமக்கு இது புரியாததல்ல. நம்மிடம் போப் போன்ற ஒரு பீடம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் நூலை விளங்குவதில் முன்னோரின் ஒருமித்த முடிவுக்கு என்ன இடம் என்ற விவாதம் நம் பள்ளிவாசல்களிலும் ஓய்ந்தபாடில்லை. வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றித் தர்க்கிக்க வேண்டாம் என்று அன்கபூத் அத்தியாயத்தின் 46ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பேசுபவர் எதை ஆதாரமாகக் கொள்கிறார் என்று முதலில் கேட்டறிவதும் அந்த அழகில் அடங்கும் என்றே கருதுகிறேன்.

கிரேமரும் ஹாக்கும் மாறுபட்ட இடம் இன்னும் தீரவில்லை. 1938 மாநாட்டின் பொன்விழாவை ஒட்டி, 1988 ஜனவரியில் உலகத் திருச்சபைகள் மன்றத்தினர் மீண்டும் தாம்பரத்தில் கூடி, அதே கேள்வியை விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பேசினார்கள்.