தாத்தாவுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர்: சாவியைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளானை அடுத்த மேருவில், தாமான் வீட்டிலிருந்து முனைக்கடைக்கு நடக்க உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். முட்டி தேய்ந்துபோன பாட்டிக்கு அது அரை நாள் பயணம். அதனால்தான் பலர் இப்போது மொபிலிட்டி ஸ்கூட்டர் பக்கம் திரும்புகிறார்கள். இளைஞர்கள் நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர் இல்லை இது. இருக்கை, கைப்பிடி, மூன்று அல்லது நான்கு சின்னச் சக்கரம், பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரி. நடக்க முடியாதவருக்கு, நடக்கச் சிரமப்படுபவருக்கு இதுதான் கால்.

வாங்குவது பெரும்பாலும் பிள்ளைகள், ஓட்டுவது பெரியவர்கள். கடையில் பத்து நிமிடம் காட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீங்க.

பிரேக் எங்கே?

தாத்தா நாற்பது வருஷம் கப்சாய் மோட்டார் ஓட்டியவர் என்றால், "எனக்குத் தெரியாததா?" என்றுதான் கேட்பார். சிக்கலே அங்கேதான். மோட்டாரில் ஆபத்து வந்தால் வலது கையை இறுக்கிப் பிடிப்போம், பிரேக் விழும். மொபிலிட்டி ஸ்கூட்டரில் கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை அழுத்தினால் வண்டி நகரும், விட்டால் தானாக நிற்கும். பல மாடல்களில் வலது பக்கம் அழுத்தினால் முன்னே, இடது பக்கம் அழுத்தினால் பின்னே. பதற்றத்தில் பழைய பழக்கப்படி கையை இறுக்கினால், நிற்க வேண்டிய வண்டி பாய்ந்துவிடும்.

ஆக, முதல் பாடம் ஓட்டுவது இல்லை, கையை விடுவது. காலியான திடலிலோ, காடி இல்லாத வாகன நிறுத்துமிடத்திலோ, வேகக் குமிழை ஆமைப் படத்தில் வைத்துவிட்டு, நீங்கள் "நிறுத்து" என்று சொன்னதும் அவர் விரலை விட வேண்டும். இருபது தடவை, முப்பது தடவை. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் செய்யுங்க. அதற்கு முன் நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க. முயல் படத்துக்கு அவசரமே இல்லை.

இன்னொரு நெம்புகோல் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் அது. அதை விடுவித்த நிலையில் தானியங்கி பிரேக் வேலை செய்யாது. சரிவில் நிற்கும்போது யாராவது அதைத் தட்டிவிட்டால் ஆளோடு உருண்டுவிடும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதைக் காட்டி வையுங்க.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனத்துக்கு

2019 தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் ஸ்கூட்டர் தேவைப்படும் பலருக்கு இனிப்புநீரும் இருக்கும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்துக்கு உணர்வு குறைவு. கால் மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் உரசினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் காயம். ஆறாத காயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பல குடும்பங்களுக்குத் தெரியும். சிலிப்பர் வேண்டாம், மூடிய காலணிதான். திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்க. சர்க்கரை இறங்கினால் தலை சுற்றும், முடிவெடுப்பது தடுமாறும். அதனால் மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது, கூடையில் இனிப்பு ஏதாவது இருக்கணும். கண் பரிசோதனையும் தள்ளிப்போடக் கூடாது.

பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு ஒரு பக்கத்தில் இருப்பது கவனத்திலேயே படாது. கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் இடப்பக்கச் சுவரில் இடிப்பார்கள். இவர்களுக்கு வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்ப்பது நல்லது.

சாலையில் போகலாமா?

கூடாது. 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியான விதிகள் சில வகை மைக்ரோ வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. மொபெட், மின் ஸ்கூட்டர் போன்ற தனிநபர் சாதனங்களோடு, நடமாட்டத்துக்கு உதவும் சாதனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரிட்டனில் ஒரு வகை மொபிலிட்டி ஸ்கூட்டரைப் பதிவு செய்து மணிக்கு 8 மைல் வேகத்தில் சாலையில் ஓட்டலாம், நடைபாதையில் 4 மைல்தான். இங்கே அப்படி இல்லை.

சட்டம் நடைபாதையில் போ என்கிறது. நடைபாதை எங்கே? மேரு சாலையில் தொழிற்சாலை லோரிகள் வரிசையாகப் போகின்றன. ஓரத்தில் நடப்பதற்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டையை ஸ்கூட்டர் வாங்கியவர் தனியாக அடைக்க முடியாது. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 பொது வசதிகளை மற்றவர்களைப் போலப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. உங்கள் தெருவில் சரிவுப்பாதை இல்லையென்றால், படம் எடுத்து மாநகர் மன்றத்துக்குப் புகார் அனுப்புங்க.

அதுவரை, வழியை முன்கூட்டியே நடந்து பாருங்க. லோரி ஓட்டுநர் உயரத்திலிருந்து பார்க்கும்போது, அவர் வண்டிக்கு முன்னால் தாழ்வாக உட்கார்ந்திருப்பவர் தெரியவே மாட்டார். இருக்கையின் பின்னால் நீளமான கம்பியில் பளிச்சென்ற ஒரு கொடி கட்டினால் பெரிய வித்தியாசம். சாலையைக் கடப்பது சமிக்ஞை விளக்கில் மட்டும். நின்றிருக்கும் லோரிக்கு முன்னாலோ பின்னாலோ புகுந்து போகவே கூடாது.

அஞ்சடியும் கால்வாயும்

கிள்ளான் பழைய கடைத்தெருவில் அஞ்சடி கடைக்குக் கடை உயரம் மாறும். நடுவில் மோட்டார்களும் நிற்கும். விளிம்பில் சாய்வாக ஏறினால் கவிழும், நேராக ஏறணும். எவ்வளவு உயரம் ஏறலாம் என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் சுற்றுவழிதான். மூன்று சக்கர வண்டி சின்ன இடத்தில் நன்றாகத் திரும்பும், ஆனால் வேகமாகத் திருப்பினால் நான்கு சக்கரத்தைவிடச் சீக்கிரம் சாயும். சரிவுப்பாதை என்றால் 1 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்பது வழக்கமான அளவு. கடைக்காரர் சிமெண்ட் பூசி வைத்த சரிவுகளில் பாதி அதைவிடச் செங்குத்து. கால்வாய் மூடியின் கம்பிகளைக் குறுக்காகக் கடக்கணும், நீளவாக்கில் போனால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டும்.

மழை வந்தால் ஒதுங்குங்க. மோட்டார் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தேங்கிய தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூடுதல் கவனம்

1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்கள் அந்தத் தெருக்களில் சகஜம். மின் ஸ்கூட்டருக்குச் சத்தம் கிடையாது, அவர்களுக்கு அது வருவது தெரியாது. நடை வேகத்துக்குக் குறையுங்க, "வலப்பக்கம் ஸ்கூட்டர் வருது" என்று வாயால் சொல்லுங்க. ஹாரன் அடித்தால் திடுக்கிடுவார்களே தவிர, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. பூக்கடையில் நிற்கும்போது வண்டியை மஞ்சள் தொடுவழிக் கற்களின் மேல் நிறுத்தாதீங்க, அது அவர்களுடைய பாதை.

பேட்டரி, பணம்

ஈய அமிலப் பேட்டரியைக் காலியாகவே மாதக்கணக்கில் விட்டால் செத்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு முழுசாகச் சார்ஜ் போடுங்க, வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும். அளவுமானி பாதிக்கு வரும் முன்பே வீட்டுக்குத் திரும்பணும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் லேசான ஆள், சமதளம் என்ற கணக்கில் சொன்னது.

மாற்றுத் திறனாளியான பெற்றோர், துணை, பிள்ளை அல்லது உங்களுக்கே வாங்கும் அடிப்படை உதவிக் கருவிகளுக்கு வருமான வரியில் 6,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. ரசீதைத் தொலைக்காதீங்க. ஓகேயு அட்டை இல்லாதவர்கள் முதலில் சமூக நலத் துறையில் பதிந்துகொள்ளுங்க. வசதி குறைந்தவர்கள் உதவிக் கருவிக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான். சொக்சோ சந்தா கட்டியவர் வேலை விபத்தில் ஊனமுற்றிருந்தால், கடைக்குப் போகும் முன் சொக்சோ அலுவலகத்தில் மறுவாழ்வு உதவி பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.