ஆந்தை இல்லாத ஆந்தையார்: காவிரிப் படுகைப் பெயர்களில் பறவைகள்

புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலைத் தூது விடுகிறார். குமரித் துறையில் அயிரை மேய்ந்துவிட்டு வடமலைக்குப் பறக்கும் பறவை அது. இடையில் சோழநாடு வரும்; அங்கே கோழி நகரத்து உயர்ந்த மாடத்தில் உன் பெடையோடு இறங்கு, வாயிலில் நிற்காமல் நேரே அரண்மனைக்குள் போ, கிள்ளியின் காதில் விழும்படி ஆந்தையின் ஆள் நான் என்று சொல், உன் பெடைக்கு நல்ல நகை தருவான் என்கிறார். பாட்டின் பெயர்களை மட்டும் பொறுக்கி வைத்தால் அன்னம், கோழி, கிள்ளி, ஆந்தை என்று ஒரு பறவைக் கூண்டே கிடைக்கும். ஆனால் இந்த நான்கில் இறகு முளைத்தது ஒன்றுதான். கோழி ஓர் ஊர், கிள்ளி ஓர் அரசன், ஆந்தை ஒரு புலவர்.

காவிரிப் படுகையின் ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் பறவைகள் எப்படி வந்து அமர்ந்தன, எப்படிப் பறந்து போயின என்று தேடுபவர் இந்தப் பாட்டிலிருந்து தொடங்குவதே முறை. பெயரில் பறவை தெரிகிறது என்பதால் பெயர் பறவையால் வந்தது என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கத்தை முதல் அடியிலேயே தடுக்கிறது இந்தப் பாட்டு.

ஆந்தையிலிருந்து பார்ப்போம். ஆதன், பூதன் என்னும் பெயர்களோடு தந்தை என்ற சொல் சேரும்போது எழுத்துகள் எப்படிக் கெடும் என்பதற்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனி விதியே இருக்கிறது. ஆதன் தந்தை ஆந்தை ஆகும், பூதன் தந்தை பூந்தை ஆகும். பிள்ளையின் பெயரால் தகப்பனை அழைக்கும் வழக்கம் அது. பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் அப்பா என்பதே பிசிராந்தையார். இரவில் அலறும் பறவைக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. பாரதிதாசன் இந்தப் பெயரில் எழுதிய நாடகத்துக்கு 1969இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதற்குப் பிறகும் ஆந்தை என்றதும் பறவையை நினைப்பவர்களே அதிகம். உண்மையாகவே பறவையால் பெயர் பெற்ற புலவர்களும் இருக்கிறார்கள். கரையும் காக்கைக்குச் சோறு வைப்பதைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். கூகைக்கோழியாருக்கு அவருடைய பாட்டில் வந்த சொல்லே பெயராயிற்று. இவர்கள் இருவரிடத்திலும் பறவை பாட்டிலிருந்து பெயருக்குப் போயிருக்கிறது. ஆந்தையாரிடத்தில் பெயரிலிருந்து நம் கற்பனைக்குப் பறந்திருக்கிறது.

கிள்ளியும் அப்படியே. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி, கிள்ளிவளவன், பெருநற்கிள்ளி என்று முற்காலச் சோழர் வரிசையில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கிளிக்குக் கிள்ளை என்றும் பெயர் உண்டு என்பதால் சோழர் கிளிக்குலம் என்று சொல்ல ஆசை வரும். சோழர் வரலாறு எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தோண்டுதல், பிளத்தல் என்ற பொருள் தரும் ‘கிள்’ என்ற வேரோடு இதைச் சேர்க்கிறார். மண்ணைக் கிளறுபவன், உழுபவன். நெல் விளையும் நாட்டு அரசனுக்குக் கிளியைவிட இது பொருந்துகிறது என்பது என் கருத்தும்.

கோழியின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. உறையூருக்குக் கோழி என்று பெயர். ஒரு கோழி யானையை எதிர்த்துப் போரிட்டு விரட்டிய மண் இது என்று கண்டு சோழன் அங்கே தலைநகர் அமைத்தான் என்கிறது மரபு. உறையூர்ச் சிவன் கோயிலைத் தேவாரம் மூக்கீச்சரம் என்று சொல்வதையும் அந்தக் கோழியின் அலகோடு சேர்த்துச் சொல்வார்கள். சேரநாட்டுக் குலசேகராழ்வாரும் தம்மைக் கோழிக்கோன் என்று சொல்லிக்கொள்கிறார். ஊர்ப்பெயர் அந்த அளவுக்குப் புகழ் பெற்றிருந்தது. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையின் முடிவில் கோவலனும் கண்ணகியும் இந்த ஊருக்குள் நுழையும்போது இளங்கோ ஊரை வாரணம் என்கிறார். வாரணம் என்றால் கோழி. வாரணம் என்றால் யானையும்கூட. இரண்டு வாரணங்களையும் அடுத்தடுத்து நிறுத்தி, சிறகுள்ள வாரணம் முறம் போன்ற காதுள்ள வாரணத்தை வென்றதாகச் சொல்லிவிடுகிறார். கோழி யானையை வென்ற கதையிலிருந்து பெயர் வந்ததா, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்ததால் கதை வந்ததா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஒரே சொல்லுக்குள் கோழியும் யானையும் அடைபட்டிருந்தால் இரண்டும் மோதாமல் இருக்குமா?

ஒரே சொல்லில் இரண்டு பொருள் மோதும் இந்த இடத்தில், எழுத்தே பொருளைக் காட்டும் சீனத்தை ஒரு முறை எட்டிப் பார்ப்பது பயன் தரும். 1716இல் வெளிவந்த காங்சி அகராதி எல்லா எழுத்துகளையும் 214 தலைக்குறிகளின் கீழ் வரிசைப்படுத்துகிறது. அவற்றில் இரண்டு பறவைக்கு உரியவை: 172ஆவதும் 196ஆவதும். முன்னது குறுவால் பறவை, பின்னது நெடுவால் பறவை என்பது பழைய விளக்கம். வாத்தை எழுதும்போது ஒரு பாதியில் ஒலி, மறு பாதியில் பறவைக்குறி. காக்கைக்கு, பறவை எழுத்திலிருந்து கண்ணுக்கான ஒரு கோட்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கரிய உடலில் கருங்கண் தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமைச்சர் லீ ஹோங்சாங் பெயரில் உள்ள ஹோங், வானில் உயரப் பறக்கும் பெருவாத்து. அதே ஒலியில் சிவப்பு, வானவில், பரந்தது என்ற சொற்களும் உண்டு. வாயால் கூப்பிட்டால் எது என்று தெரியாது. எழுதிக் காட்டினால் பறவைக்குறி வலப்பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

அயல்நாட்டுப் பெயர் வந்தால் சீனர்களும் இந்த வசதியை விட்டுவிட்டு ஒலியை மட்டுமே பிடித்தார்கள். இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அரசவையைச் சென்றடைந்தது. சீனக் குறிப்புகளில் சோழநாடு சூநியென் என்ற இரண்டு எழுத்துகளாக நிற்கிறது. ஒன்றுக்கு ஊற்றுதல் என்றும் மற்றதற்கு வண்டி என்றும் பொருள். படிப்பவர் யாரும் வண்டியைத் தேடுவதில்லை.

தமிழில் எழுதிக் காட்டினாலும் தெளிவதில்லை. தஞ்சைச் சீமையின் பழைய தலைமுறையில் அன்னம் என்ற பெயருள்ள பெண்கள் உண்டு. ஹம்சம் அன்னமாகியது என்றால் அது பறவை. உண்ணும் சோறும் அன்னம்தான். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவலிங்கத்தைச் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் நடக்கும் நாட்டில், பெண்ணுக்கு அன்னம் என்று பெயர் வைத்த பாட்டனார் எதை நினைத்தார்? நெல்லுக்கும் இதே கதைதான். ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் விதை கொடுப்பவர்களிடம் அன்னமழகி என்ற பாரம்பரிய ரகத்தைக் கேட்டு வாங்கலாம். சோற்றில் அழகியா, அன்னம்போல் அழகியா? பெயரைப் பிரித்துப் பார்க்காமலேயே பொங்கிச் சாப்பிடுகிறோம். பக்கத்திலேயே குருவிக்கார் என்ற ரகமும் இருக்கும். அதில் குருவி வெளிப்படை. குறுவை சாகுபடியில் குருவி கிடையாது. அது குறுகிய காலப் பயிர். அங்கே நம் எழுத்து, ‘ரு’வையும் ‘று’வையும் பிரித்து, தன் வேலையைச் செய்திருக்கிறது.

அதே ரகர றகரம் இரண்டு தலங்களையும் காப்பாற்றியிருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர், நாரை ஒன்று வழிபட்ட தலம் என்பது புராணம்; திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலின் பழைய பெயர் திருநறையூர். நறை என்றால் தேன், மணம்; அங்கே நாரை இல்லை. ஆனால் இந்தப் பகுதியில் பேர்பெற்ற பறவை அங்கேதான் இருக்கிறது: கல் கருடன். சன்னிதியிலிருந்து புறப்படும்போது நாலு பேர் தூக்குகிறார்கள், அடுத்து எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, வெளியே வரும்போது அறுபத்து நாலு பேர். பெயரில் பறவை இல்லாத ஊர் தன் பறவையைத் தோளில் சுமக்கிறது.

பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும் கலை தலபுராணக் காலத்தில் உச்சத்தைத் தொட்டது. வைத்தீசுவரன்கோயிலை ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் புள்ளிருக்குவேளூர் என்று பாடினார்கள். பறவைகள் தங்கும் வேளூர் என்று ஓர் உழவர் சொல்லிவிடுவார். மரபு அதை நான்காக உடைத்தது. புள் என்பது சடாயு, இருக்கு என்பது இருக்கு வேதம், வேள் முருகன், ஊர் சூரியன். நால்வரும் வழிபட்ட தலம். கோயிலில் சடாயு குண்டமும் இருக்கிறது. பறவைகள் கூட்டமாக இருந்த இடத்தில் இராமாயணத்தின் ஒற்றைக் கழுகு வந்து அமர்ந்துகொண்டது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள கோழிகுத்தியில் நேர்மாறு. ஊர்ப் புராணப்படி பெயர் கோடிஹத்தி. கோடிப் பாவங்களைப் போக்கும் இடம். அதுதான் வாயில் தேய்ந்து கோழிகுத்தி ஆனது என்கிறார்கள். புராணம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெயரில் நிற்கும் கோழி பழையதாகவே இருந்து, பின்னால் வந்தவர்கள் வடமொழியில் அதற்குப் பாவ விமோசனம் தேடியிருக்கலாம். எப்படியானாலும் அந்தக் கோழிக்கு இரண்டு பக்கமும் நிம்மதி இல்லை.

மயிலாடுதுறைதான் இந்த வரலாற்றின் முழு நீளத்தையும் ஒரே ஊரில் காட்டுகிறது. தேவாரத்தில் மயிலாடுதுறை என்றே இருக்கிறது: மயில் ஆடும் ஆற்றுத்துறை. காவிரிக் கரைச் சோலையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பார்வதி மயிலாகி இறைவனை வழிபட்ட கதையும் இறைவனின் மாயூரநாதர் என்ற பெயரும் வந்த பிறகு ஊர் மாயூரம் ஆனது. ஆடுதலும் துறையும் போய் மயில் மட்டும், அதுவும் வடமொழியில், மிஞ்சியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரப் புராணம் எழுதினார். கோழியின் ஊரான உறையூருக்கும் புராணம் பாடியவர் அவரே. அவர் மாயூரத்தில் இருந்தபோதுதான் உ. வே. சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். அந்த மாணவர்தான் 1894இல் புறநானூற்றை அச்சிட்டு ஆந்தையாரின் அன்னத்தை நம் கைக்குக் கொண்டுவந்தவர். ஆசிரியர் பறவைக்குப் புராணம் சொன்னார், மாணவர் அந்தப் புராணத்துக்கு முந்திய ஏட்டைத் திறந்தார்.

இதற்கிடையே பேச்சு வழக்கு மாயூரத்தையும் விட்டுவைக்கவில்லை. மாயூரம் மாயவரம் ஆயிற்று. மாய, வரம் என்று பிரித்தால் மாயையும் வரமும் கிடைக்கும், மயில் இல்லை. தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்டவர் பெயரை மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றும் மாயவரம் வேதநாயகம் பிள்ளை என்றும் எழுதுகிறார்கள். முதலாவதில் மயில் உண்டு, இரண்டாவதில் இல்லை. 1982இல் அரசு மயிலாடுதுறை என்ற பெயரை மீட்டது. 2020இல் அது ஒரு மாவட்டத்தின் பெயரும் ஆனது. தேவாரத் துறையும் ஆட்டமும் அரசாணை வழியாகத் திரும்பி வந்தன.

வயலிலும் ஏரியிலும் உள்ள பறவைகள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. உழுத சேற்றில் மடையான் மடைவாயிலில் மண் நிறமாக ஒடுங்கி நிற்கிறது. பக்கத்தில் போனால் திடீரென வெள்ளைச் சிறகை விரித்துக் கிளம்புகிறது. மடையில் நிற்பதால் மடையான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வடுவூர் ஏரி 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரி 2024இல். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் கரைவெட்டியில் இறங்குகின்றன. ஆந்தையார் தூதுவிட்ட அன்னம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். குமரிக்கும் வடமலைக்கும் நடுவே சோழநாட்டில் இறங்குவது இன்றும் அதன் வழக்கம்.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பேருந்தின் நெற்றியில் மயிலாடுதுறை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. படிக்கட்டில் தொங்கும் நடத்துநர் கூவுவது இன்னமும் மாயரம், மாயரம் என்றுதான்.