கைப்பிடி ஒட்டுநாடா வெட்டி

கைப்பிடி ஒட்டுநாடா வெட்டி என்பது, அட்டைப் பெட்டிகளை மூடப் பயன்படும் அகலமான ஒட்டுநாடாவைச் சுருளிலிருந்து விடுவித்து, பெட்டியின் மீது அழுத்தி ஒட்டி, வேண்டிய நீளத்தில் வெட்டித் தரும் ஒரு கைக்கருவி ஆகும். கடைகளிலும் பார்சல் அலுவலகங்களிலும் இது டேப் கட்டர், டேப் டிஸ்பென்சர் என்னும் பெயர்களாலேயே அறியப்படுகின்றது. துப்பாக்கியைப் போன்ற கைப்பிடி இருப்பதால் டேப் கன் என்றும் அழைப்பதுண்டு. வெட்டுவதே இதன் வேலை என்று பெயர் உணர்த்தினாலும், பெட்டி பிரியாமல் ஊர் போய்ச் சேர்வதற்குக் காரணமாக அமைவது இதன் அழுத்தும் பணியே ஆகும்.

வரலாறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925 ஆம் ஆண்டில் வண்ணப்பூச்சு வேலைக்கான மறைப்பு நாடாவையும், 1930 ஆம் ஆண்டில் செல்லோபேன் தாளால் ஆன ஒளி புகும் ஒட்டுநாடாவையும் உருவாக்கினார். சுருளில் நாடாவின் நுனியைத் தேடிப் பிடிப்பதும் அதைக் கத்தரிப்பதும் பயனர்களுக்குத் தொல்லையாக இருந்தன. அதே நிறுவனத்தின் விற்பனை மேலாளரான ஜான் போர்டன் 1932 ஆம் ஆண்டில் வெட்டும் பற்கள் பொருத்திய நாடாத் தாங்கியை வடிவமைத்து இக்குறையைத் தீர்த்தார்.

இன்று பெட்டிகளை மூடப் பயன்படும் நாடா பெரும்பாலும் பாலிப்புரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனது. படிகத்தன்மை கொண்ட பாலிப்புரொப்பிலீனை இத்தாலிய வேதியியலாளர் கியூலியோ நட்டா 1954 ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1963 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை இவரும் கார்ல் சீக்லரும் பகிர்ந்து கொண்டனர். இந்நெகிழியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துத் தயாரிக்கப்படும் மெல்லிய படலத்தின் ஒரு பக்கத்தில் பசை பூசப்படுகின்றது.

ஒட்டும் தத்துவம்

இவ்வகை நாடாவில் உள்ள பசை அழுத்தத்தால் ஒட்டும் வகையைச் சேர்ந்தது. தபால்தலையின் பசையைப் போல இதற்கு நீர் தேவையில்லை, வெப்பமும் தேவையில்லை. இது திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட இயல்பு உடையது. அட்டையின் மேற்பரப்பு கண்ணுக்கு மழமழப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் அது காகித இழைகளால் ஆன மேடு பள்ளங்களைக் கொண்டது. அழுத்தும்போது பசை மெதுவாக வழிந்து இப்பள்ளங்களை நிரப்புகின்றது. அழுத்தாமல் வைத்த நாடா மேடுகளின் உச்சிகளை மட்டுமே தொட்டு நிற்கும். எனவே, அழுத்தி ஒட்டிய ஒரு வரிசை, அழுத்தாமல் ஒட்டிய மூன்று வரிசைகளை விட உறுதியாக இருக்கக்கூடும்.

பாகங்கள்

- சுருள் சக்கரம்: நாடாச் சுருள் மாட்டப்படும் பகுதி. பொதி நாடாவின் அட்டை வளையம் பொதுவாக 76 மில்லிமீட்டர் (3 அங்குலம்) உள்விட்டம் உடையது.
- தடைத் திருகு: சக்கரத்தின் நடுவில் உள்ளது. இதை இறுக்கினால் சுருள் கடினமாகவும், தளர்த்தினால் எளிதாகவும் சுழலும்.
- உருளை: நாடாவின் முதுகைத் தொட்டு அதைப் பெட்டியின் மீது அழுத்துவது. பெரும்பாலும் ரப்பரால் அல்லது நெகிழியால் ஆனது.
- பிடிப்பு மடல்: வெட்டிய பின் நாடாவின் நுனி பின்னோக்கிப் போய்ச் சுருளில் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது.
- பல் அலகு: அரம் போன்ற பற்களை உடைய எஃகுத் தகடு. திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும் வகைகளில் இதை மாற்ற முடியும்.

48 மில்லிமீட்டர், 72 மில்லிமீட்டர் அகல நாடாக்கள் பரவலாகக் கிடைக்கின்றன. இவை கடைகளில் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று கேட்டு வாங்கப்படுகின்றன. நாடாவின் அகலத்துக்குப் பொருந்தும் கருவியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சுருள் மாட்டும் முறை

1. பற்கள் உடலை நோக்கி இராதவாறு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
2. சுருளைச் சக்கரத்தில் முழுவதுமாகத் தள்ளி மாட்ட வேண்டும்.
3. நாடாவின் நுனியை உருளைக்கும் பிடிப்பு மடலுக்கும் இடையே செலுத்தி, பற்களுக்குச் சற்று அப்பால் வரை இழுக்க வேண்டும்.
4. நாடாவின் வழவழப்பான முதுகு உருளையைத் தொட வேண்டும். பசைப் பக்கம் பெட்டியை நோக்கி இருக்க வேண்டும். இது மாறியிருந்தால் சுருளைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

பெட்டியின் மூடி மடல்கள் நடுவில் சந்திக்குமாறு மடித்துக்கொள்ள வேண்டும். நாடாவின் நுனியைப் பெட்டியின் பக்கச் சுவரில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் கீழிருந்து ஒட்டத் தொடங்கி, உருளையை அழுத்தியவாறே நடுக்கோட்டின் வழியே இழுத்து, மறுபக்கச் சுவரிலும் அதே அளவு இறக்க வேண்டும். பின்னர் மணிக்கட்டைத் திருப்பிப் பற்களை நாடாவின் மீது சாய்த்தால் அது அறுபடும். கருவியை வெடுக்கென்று இழுத்து அறுப்பது ஒட்டிய முனையையும் பெயர்த்துவிடும். இறுதியாக உள்ளங்கையால் ஒருமுறை நாடா முழுவதையும் தேய்த்துவிடுவது நல்லது.

45 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு வரிசை ஒட்டினால் சுமார் 1.2 மீட்டர் நாடா செலவாகும். 65 மீட்டர் சுருளில் இவ்வாறு 54 பெட்டிகளை மூடலாம். பக்கத்துக்கு மூன்று வரிசை ஒட்டினால் 18 பெட்டிகளுக்கு மட்டுமே போதும். கனமான பெட்டிகளுக்கு, நடுக்கோட்டுடன் இரு ஓர விளிம்புகளையும் மூடும் முறை ஏற்றது.

தட்பவெப்பத்தின் தாக்கம்

சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதியான ஊரப்பாக்கம், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே பெருந்தெற்கத்திச் சாலை எனப்படும் ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்துள்ளது. அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென் மாவட்டங்களுக்கான பேருந்துப் போக்குவரத்து இப்பகுதியை மையமாகக் கொண்டது. இங்கு வீடு மாறுவோரும் ஊருக்குப் பொருள் அனுப்புவோரும் கட்டும் பெட்டிகள் இரு வேறு சோதனைகளைச் சந்திக்கின்றன.

முதலாவது கோடை. மே மாதத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் நாட்கள் உண்டு. மூடிய வண்டிக்குள் அது இன்னும் கூடும். உருக்கிப் பூசப்படும் ரப்பர் வகைப் பசை விரைவில் பற்றிக்கொண்டாலும் வெப்பத்தில் இளகும். அக்ரிலிக் பசை மெதுவாகப் பற்றினாலும் வெப்பத்தையும் வெயிலையும் நன்கு தாங்கும்.

இரண்டாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ஈரம் ஏறிய அட்டையின் மேல் இழைகள் வலுவிழப்பதால், நாடா நன்றாக ஒட்டியிருந்தாலும் அட்டையின் தோலோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். இதற்கு மேலும் நாடா ஒட்டுவது தீர்வாகாது. உலர்ந்த பெட்டிக்கு மாற்றுவதே வழி. சான்றிதழ்கள், மருந்துகள், புத்தகங்கள் போன்றவற்றை முதலில் நெகிழி உறையில் இட்டுப் பின் பெட்டியில் வைக்க வேண்டும். ஒட்டுநாடா பெட்டியை மூடுமே தவிர, நீர் புகாமல் காக்காது.

பராமரிப்பு

- பற்களில் படியும் பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால், பற்களின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே இதைச் செய்யக்கூடாது.
- ரப்பர் உருளையை மண்ணெண்ணெயால் துடைக்கக்கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சோப்பு நீர் போதுமானது. துடைத்த பின் உலர விட வேண்டும்.
- உருளையிலோ மடலிலோ எண்ணெய் இடக்கூடாது. நாடாவில் படும் எண்ணெய் ஒட்டும் திறனைக் குறைக்கும்.
- உபரிச் சுருள்களை வெயில் படாத இடத்தில், தூசி படாமல் பையிலிட்டு வைக்க வேண்டும்.

பொதுவான கோளாறுகள்

- நுனி பின்வாங்கிச் சுருளில் ஒட்டிக்கொள்ளுதல்: தடைத் திருகு தளர்ந்திருக்கும் அல்லது பிடிப்பு மடல் வளைந்திருக்கும்.
- ஒட்டிய நாடா முனைகளில் எழும்புதல்: அட்டையில் தூசி அல்லது ஈரம் இருக்கலாம். தடை மிக இறுகியிருந்தால், விறைப்பாக இழுபட்ட நாடா பின்னர் சுருங்க முயல்வதாலும் முனைகள் எழும்பும்.
- நாடா நீளவாக்கில் கிழிதல்: சுருள் கீழே விழுந்து விளிம்பில் கீறல் ஏற்பட்டிருக்கும். கீறல் உள்ள சுற்றுகளை நீக்கிவிட வேண்டும்.
- அறுபடாமல் இழுபடுதல்: பற்களில் பசை சேர்ந்திருக்கும் அல்லது பற்கள் மழுங்கியிருக்கும்.

பாதுகாப்பு

பற்கள் விரல்களைக் கிழிக்கக்கூடியவை. நுனியைத் தேடிப் பற்களின் அருகே விரலை ஓட்டுவதும், பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்கையை நோக்கிக் கருவியை இழுப்பதும் காயத்துக்கு வழிவகுக்கும். வேலை முடிந்ததும் பற்களுக்கு மூடி இட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். காயம் பட்டால் ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயம் ஆழமாக இருந்தாலோ பற்கள் துருப்பிடித்திருந்தாலோ மருத்துவரை அணுகி, இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என அறிந்துகொள்ள வேண்டும்.

கழிவு மேலாண்மை

அட்டைப் பெட்டி காகிதக் கூழாக மாறக்கூடியது. அதன் மேல் உள்ள நாடா அவ்வாறு மாறாது. பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் நாடாவை உரித்தெடுப்பது காகித ஆலைகளில் கழிவைக் குறைக்கும். உரித்த நாடாவில் பசையும் இழைகளும் கலந்திருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். தேவைக்கு மேல் ஒட்டாதிருப்பதே இக்கழிவைக் குறைக்கும் எளிய வழியாகும்.